வண்டி நன்றாக ஓடியதால் நிறுத்தினேன்

வண்டியின் சத்தம் அன்றைக்குத் தேனாக இருந்தது. அதனால்தான் எனக்குக் கிலி பிடித்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில், என் அக்கா மல்லிகாவைக் கட்டிக்கொடுத்த குப்பம். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. மணல் ஈரமாக, பாதத்துக்குச் சில்லென்று இருந்தது. காயப்போட்ட கருவாட்டு வாடையோடு வண்டிப் புகையும் கலந்து கிடந்தது. ஊர் மொத்தமும் வட்டம் கட்டி நிற்க, நடுவில் நாலு கொழுத்த டயர் வைத்த பைக்கில் என் அக்கா புருஷன் ஏழுமலை மாமா சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. கட்டைக்காலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, மடித்த லுங்கியோடு ஏறி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில்.

கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தினார். உய்யென்று எழுந்தது. மணல் தெறித்தது. பிள்ளைகள் கத்தினார்கள். வளைவில் விரலை எடுத்தார். எடுத்த உடனே சத்தம் பொத்தென்று கீழே விழ வேண்டும். விழவில்லை. ஒரு மூச்சு நேரம் மேலேயே தொங்கிவிட்டு, மனசில்லாமல் இறங்கியது.

வேறு யார் காதிலும் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வண்டிக்குப் பின்னால் ஒரு நைலான் கயிறு மணலில் இழுபட்டுப் போனது. நான் கட்டிய கயிறு. ஓடிப்போய் அதை மிதித்தேன். வண்டி செத்தது.

மாமா திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஊரே சிரித்தது.

"தோ, கிலி மெக்கானிக்கு வேலையக் காட்டிட்டாரு" என்றது ஒரு குரல்.

குறைக்கச் சொன்னார்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் போன வாரம் என் கடைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். திருநின்றவூரிலிருந்து ரயில் ஏறி வந்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார். "எல்லாம் நல்லா எழுதுறீங்க. ஆனா எந்தப் பக்கத்தப் பொரட்டுனாலும் பயம், பயம்னே வருதே. கொஞ்சம் தைரியமா எழுதுனா படிக்கிறவங்களுக்கும் ஒரு தெம்பா இருக்கும்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். முடியாது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வறுமை என்று சொன்னால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ரயில்வே கேட். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் அது இருந்தது. மூடிவிட்டால் லேட் ஆகும். லேட்டானால் வெளியே நிற்க வேண்டும். அதற்குப் பயந்து விடியும் முன்பே எழுந்து, கேட் திறந்திருக்கும்போதே தாண்டிப் போய், பூட்டிய பள்ளிக்கூடத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பேன். வகுப்பு ஆரம்பிக்கும்போது தூக்கம் சொக்கும். ஒருநாள் அம்மா, "இந்தப் புள்ள படிக்கப் போவுதா, கேட்டுக்குக் காவலுக்குப் போவுதா" என்று கேட்டாள். மறுநாள் ஒரு டூவீலர் கடையில் சேர்த்துவிட்டாள்.

அங்கே என் பயத்துக்கு வேலை கிடைத்தது. மற்றவர்கள் நட்டை இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் இறுக்கின நட்டைத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். டெலிவரி கொடுத்த வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று சத்தம் கேட்பேன். கும்மிடிப்பூண்டியில் எனக்கு 'கிலி மெக்கானிக்' என்று பெயர் வைத்தது கிண்டலுக்குத்தான். இப்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே, டீ வாங்கிக்கொடுத்த ஐயா மன்னிக்க வேண்டும். பயத்தைக் குறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

உருக்காலைக்கு வந்த பைக்

வண்டி எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்குகிற ஆலைகள் நிறைய. அதற்கான பழைய இரும்பு கன்டெய்னர் கன்டெய்னராக வெளிநாட்டிலிருந்து வரும். உலகம் தூக்கிப் போட்டதெல்லாம் எங்கள் ஊருக்கு வந்துதான் கம்பியாகும். துணி துவைக்கிற மெஷின், சைக்கிள், ஒருமுறை ஊஞ்சல்கூட வந்தது.

ஏழுமலை மாமா பிறப்பால் ஏரிக்காரர். ஏரியில் இறால் குறைந்த பிறகு, வலை கட்டும் முறை வராத நாளெல்லாம் ஒரு ரோலிங் மில்லில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். சிவக்கக் காய்ச்சிய கம்பி ஒருநாள் தடம் மாறிப் பாய்ந்தது. கால் போனது. மில்காரர்கள் பழைய இரும்பு கொட்டுகிற யார்டின் கேட்டில் ஒரு நாற்காலியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அந்த நாற்காலியிலிருந்து ஒரு மத்தியானம் போன்.

"மச்சான், நாலு சக்கரத்துல ஒரு பைக்கு எறங்கியிருக்குதுடா. டயர் ஒவ்வொண்ணும் பூசணிக்கா மாதிரி கீது."

"மாமா, எதுனா பொம்மையா இருக்கும்."

"பொம்மை இல்லடா. ரெண்டு சிலிண்டரு. நீ வர்றியா, இல்ல நான் இத்தக் கட்டிப் புடிச்சினு படுத்துக்கட்டுமா?"

போனேன். டூ ஸ்ட்ரோக் இஞ்சின், இரட்டை சிலிண்டர், தண்ணீர் சுற்றிக் குளிர்விக்கிற வகை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது, யாரும் கைவைக்காத இஞ்சின். ஒன்றே ஒன்று குறை. உலைக்கு இரும்புதான் வேண்டும். அலுமினியத்தை முதலிலேயே பிய்த்துத் தனியாக விற்றுவிடுவார்கள். கையால் திருகினால் வருவது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர். இரண்டையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்து இஞ்சினில் கை வைப்பதற்குள் மாமா அதன்மேல் தன் சாப்பாட்டுப் பையை மாட்டி இடம் பிடித்துவிட்டார். மேஸ்திரி பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு மாமாவுக்கே கொடுத்துவிட்டார்.

"எதுக்கு மாமா இது?"

"துறைக்குப் போவ."

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. எனக்குப் புரிந்தது.

ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்தக் குடும்பம் எப்போது எங்கே கட்டலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அக்காவின் குப்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வருஷத்தின் முதல் பாடு நாளன்று, பாடு உள்ளவன் சூரியன் கிளம்பும்போது படகுத்துறையில் வந்து நின்று, பெயர் கூப்பிட்டால், இருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் 'கீறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் பதில் வராவிட்டால் பாடு பங்காளிக்குப் போய்விடும்.

மாமா இரண்டு வருஷம் பதில் சொல்லவில்லை. இது மூன்றாவது.

குப்பத்துக்கு முன்னால் ஏரி தூர்ந்துபோய்விட்டதால் துறை மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் பொதபொதவென்று மணல், அப்புறம் சேறு. கட்டைக்கால் ஒவ்வொரு அடிக்கும் புதைந்துகொள்ளும். கட்டிலில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்று குப்பத்துப் பையன்கள் சொன்னார்கள். மாமாவின் பெரியப்பா மகன் கோதண்டம்தான் அப்போது துறையில் பெயர் கூப்பிடுகிறவர். பாடு கைமாறினால் போய்ச் சேர்வதும் அவரிடம்தான். அவர் ஒரு வார்த்தை கேட்டார்: "தூக்கினு வந்து எறக்குனா அது வந்ததாவுமா?"

மாமா அதற்குப் பிறகு கட்டில் பேச்சை எடுக்கவிடவில்லை. "செத்தாத்தான்டா நாலு பேரு தூக்கணும்" என்றார்.

எண்ணை நம்பாதே, துளையை நம்பு

கார்புரேட்டருக்காக நானும் சலீமும் சென்னைக்குப் போய்ப் பழைய சாமான் சந்தையில் அலைந்தோம். சலீம் என் பக்கத்துக் கடை ஸ்பேர் பார்ட்ஸ்காரன். என்னைவிடச் சின்னவன். என் பயம் எவ்வளவோ அவன் தைரியம் அவ்வளவு. இந்த இஞ்சினுக்கென்று செய்த கார்புரேட்டர் எங்கும் இல்லை. பிஸ்டனும் கேட்டுப் பார்த்தோம். எந்தக் கடையிலும் அந்த அளவு கிடையாது. அதை மனசில் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் இந்த வண்டி மறுபடியும் பழைய இரும்புதான்.

கடைசியில் ஒரு ஜோடி கிடைத்தது. யாரோ நகல் எடுத்துச் செய்த, வாய் கொஞ்சம் பெரிய கார்புரேட்டர்.

"ரேஸ் வண்டிக்குப் போடுற ஐட்டம் பாய்" என்றான் சலீம் கடைக்காரரைப் பார்த்து, அவர் சொல்ல வேண்டியதை இவனே சொன்னான். என் பக்கம் திரும்பி, "மாட்டுனா பறக்கும்" என்றான்.

"பறக்க வேணாம்டா. போய்ச் சேர்ந்தாப் போதும்."

மாட்டின முதல் நாள் பறக்கவில்லை. இருமியது. கார்புரேட்டரில் ஜெட் என்று ஒன்று உண்டு. நடுவில் மயிரிழைத் துளை போட்ட பித்தளைத் திருகு. அந்தத் துளைதான் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று முடிவு பண்ணுகிறது. ரேஸ் இஞ்சினுக்கு வைத்த துளை எங்கள் சாது இஞ்சினுக்கு ரொம்பப் பெரிசு. ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால் கரும்புகை கக்கிக் குப்புறப் படுத்தது. இஞ்சினுக்குள் நெருப்புப்பொறி வைக்கிற பிளக்கைக் கழற்றினால் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது.

ஜெட்டை ஒவ்வொரு நம்பராக, அதாவது ஒவ்வொரு துளை அளவாக, குறைத்துக்கொண்டு வர வேண்டும். சலீம் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டினான். இங்கேதான் என் கிலி வேலை செய்தது. நகல் சாமானில் பொறித்த நம்பரை நான் நம்புவதில்லை. மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கி, அதன் மூக்கில் ரப்பர் குழாய் வைத்து ஜெட்டை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, எது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்தேன். ஒரே நம்பர் போட்ட இரண்டு ஜெட்டில் ஒன்று வேகமாக வடித்தது, இன்னொன்று தயங்கித் தயங்கி வடித்தது. அப்படியே மாட்டியிருந்தால் ஒரு சிலிண்டர் குடித்துக் கிறங்கும், இன்னொன்று தாகத்தில் வேகும். இரண்டும் ஒரே மாதிரி வடிகிற ஜோடியைத் தேடி எடுத்தேன்.

"டாக்டருக்குப் படிக்க வேண்டியவன் தப்பி வந்துட்டே" என்றான் சலீம்.

"ரயில்வே கேட் மூடியிருந்துது" என்றேன்.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் வாய் திறக்க வேண்டும். ஒரே அளவு டிரில் பிட் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் வாயைத் திறந்து மூடும் கதவுக்கடியிலும் பிட்டின் காம்பைச் செருகி, கேபிளை மெல்ல இழுத்தேன். இரண்டும் ஒன்றாக நழுவிக் கீழே விழும் வரை கேபிளை இழுத்தும் தளர்த்தியும் பார்த்தேன். கால் பிரேக்கைக் கைக்கு மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டையின் பின்பக்கத் தெரு காலியாக இருக்கும். லாரிகள் ஓரமாகத் தூங்கும். அங்கே ஓட்டி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்குப் பிளக்தான் நாக்கு. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாமல் வேகிறது. வறுத்த தனியா நிறத்தில் வந்தால் சரி.

கடைசியில் தனியா நிறம் வந்தது. சலீம் கைதட்டினான். "இன்னும் ஒரு நம்பர் எறக்கு. எப்புடிக் கத்தும் பாரு."

இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த ஆசை. பெட்ரோலைக் குறைக்கக் குறைக்க டூ ஸ்ட்ரோக் இஞ்சின் துள்ளும், சத்தம் கூர்மையாகும், ஓட்டுகிறவனுக்கு ராஜா மாதிரி இருக்கும். சாவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது ரொம்ப அழகாக ஓடும்.

நான் இறக்கவில்லை. ஒரு நம்பர் ஏற்றினேன். உலைகளுக்கு நடுவில் கொதிக்கிற காற்றில் பார்த்த கணக்கு, ஏரிக்கரையில் விடியற்காலைக் குளிர் காற்றுக்குச் செல்லாது. குளிர் காற்று அடர்த்தி. அதற்குப் பெட்ரோல் கூடக் கேட்கும். ஏற்றின பிறகு சத்தத்தில் ஒரு கரகரப்பு வந்தது.

"சளி புடிச்சாப்ல கீது" என்றான் சலீம்.

"இருக்கட்டும்."

கயிறு

வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. பதிவு கிடையாது. குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தேன். கைப்பிடி ஓரத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும்; அதை உருவினால் இஞ்சின் நின்றுவிடும். அதில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, ஸீட்டுக்கடியில் ஒரு வளையம் வழியாக வெளியே எடுத்து, பின்னால் தொங்கவிட்டேன். மாமா எங்கேயாவது கவிழ்ந்தால், பிரேக் பிடிக்காமல் போனால், ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால்... இன்னும் ஏழெட்டு 'போனால்' என் மனசில் இருந்தது.

"இன்னாடா இது, மாட்டுக் கயிறா?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"அப்போ நான் மாடு."

"நீங்க ஓட்டுறவரு. வண்டிதான் மாடு."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டையும் சேத்துக் கட்டுடா."

வட்டத்துக்கு நடுவில்

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புவோம். கயிற்றை மிதித்துவிட்டேன். வண்டி செத்துக் கிடக்கிறது. ஊர் சிரிக்கிறது.

மாமா சிரிக்கவில்லை. "இன்னா மச்சான், சபையில அசிங்கப்படுத்துற?"

"சத்தம் சரியில்ல மாமா."

"நல்லா ஓடுச்சேடா."

"அதான் சரியில்லன்றேன்."

சிரிப்பு இன்னும் கூடியது. கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏம்பா, ஓடலேன்னா ரிப்பேர் பண்ணுவாங்க, கண்டுருக்கேன். நல்லா ஓடுதுன்னு ரிப்பேர் பண்றவன இப்பத்தான் பாக்குறேன். சரி, நான் துறைக்குப் போறேன். வர்றவன் வரட்டும்." நாலைந்து பேர் அவரோடு நடந்தார்கள்.

சலீம் என் காதருகே குனிந்தான். "பொகையப் பாத்தியா? இவ்ளோ பொகை வந்தா பெட்ரோல் ஜாஸ்தி. நீ பயந்துகினு ஏத்துனே பாரு, அதான். ஜெட்ட எறக்கு, அஞ்சு நிமிஷ வேலை."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. புகை அடர்த்தியாகத்தான் இருந்தது. புகை, பெட்ரோல் ஜாஸ்தி என்கிறது. விரலை எடுத்தும் தொங்குகிற சத்தம், பெட்ரோல் பற்றவில்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

மாமா மறுபடியும் ஸ்டார்ட் பண்ணக் கை வைத்தார். கயிறு இழுத்ததில் கழன்று விழுந்திருந்த சிவப்புத் துண்டை நான் கயிற்றோடு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"குட்றா" என்றார் மாமா.

"பிளக்கப் பாத்துட்டுத் தர்றேன்."

"சூரியன் வந்துகினே கீது. இப்புடியே உட்டா அந்தாண்ட வரைக்கும் போவாதா?"

"போனாலும் போவும்."

"போவும்னு சொல்றியே."

"போனாலும் போவும்னு சொன்னேன் மாமா. நடுச் சேத்துல பிஸ்டன் புடிச்சிகினாலும் புடிச்சிக்கும். அப்பால அதுக்கு வேற பிஸ்டன் இந்தப் பூமியில எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது. உங்களத் தூக்கினுதான் வரணும்."

தூக்கினு என்ற சொல் கேட்டதும் அவர் கையை எடுத்துக்கொண்டார்.

குனிந்து ஸ்பேனரை மாட்டினேன். பிளக் கழன்று வந்தது. மேலே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. சலீம் "பாத்தியா" என்றான். சட்டை முனையால் துடைத்தேன். பிசுக்குக்கு அடியில் பீங்கான் கோலமாவு மாதிரி வெளுத்திருந்தது.

சலீம் பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

டேங்க் மூடியைத் திறந்தேன். விரலை விட்டு எடுத்துத் தேய்த்தேன். வழவழ. நான் கலந்த கலவை இவ்வளவு வழுக்காது.

"இதுல யாரு எண்ணெ ஊத்துனது?"

கூட்டத்திலிருந்த பெண்கள் அக்கா பக்கம் திரும்பினார்கள். அக்காதான் பேசினாள். "எல்லாருந்தான். கை எண்ணெடா. புது இஞ்சின் ஊருக்கு வந்தா ஊட்டுக்கு ஒரு மூடி ஊத்தணுமே, எப்பவும் செய்றதுதானே. நேத்து சாயங்காலம் நீ கேன்ல எண்ணெயும் பெட்ரோலும் கலந்தத பாத்தோம். சரி, இதுக்கு டேங்க்லதான் ஊத்தணும் போலன்னு ஊத்துனாங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படகு இஞ்சினில் எண்ணெய் அதன் வயிற்றுக்குள் தனியாகக் கிடக்கும். ஒரு மூடி கூடினால் ஒன்றும் ஆகாது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்தல்லவா போகிறது.

"எண்ணெ ஜாஸ்தியானா இஞ்சினுக்கு நல்லதுதானே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"டம்ளர் அதே டம்ளர்தான் நைனா. டிகாஷன் ஏத்துனா பால் கொறையுமா இல்லியா? அந்தத் துளை வழியா எண்ணெ ஜாஸ்தி போனா பெட்ரோல் கம்மியாப் போவும். பெட்ரோல் கம்மியானா இஞ்சின் வெந்துடும். பொகை எண்ணெயோட பொகை. சூடு உள்ள ஏறுது."

"நாங்க நல்லதுக்குத்தான் ஊத்துனோம்" என்றாள் ஒரு அம்மா. குரல் இறங்கிவிட்டது.

"தெரியும்மா."

"புத்தி சொல்ற நேரமாடா இது" என்று அக்கா அதட்டினாள். "இப்ப இன்னா செய்யணும், அதச் சொல்லு."

டேங்கை ஒரு பிளாஸ்டிக் குடத்தில் வடித்தேன். இரண்டு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் திறந்து, அதில் தேங்கினதையும் கொட்டினேன். என்னிடம் இன்னொரு கேன் சரியான கலவை இருந்தது. ஏன் இரண்டு கேன் என்று முந்தின நாள் சலீம் கேட்டபோது 'சும்மா' என்று சொல்லியிருந்தேன். எந்தப் பயமும் சும்மா இல்லை.

"இஞ்சின் ஆறணும்" என்றேன்.

"எவ்ளோ நேரம்?" என்றார் மாமா.

"கை வெச்சா பொறுக்குற வரைக்கும்."

மேட்டுக்கு அப்பால் படகு இஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை எண்ணெய் ஊற்றின பெண்கள் தள்ளி நின்றார்கள். அவர்கள் ஊற்றினதைக் கீழே கொட்டின பிறகு வண்டி கிளம்பினால் அது என்ன கிளம்பல்? அது எனக்கே உறுத்தியது.

"அம்மா, எண்ணெ மிச்சம் கீதா?" என்றேன்.

"கீது. எதுக்கு?"

"சங்கிலிக்கு ஊத்துங்க. அது எவ்ளோ ஊத்துனாலும் குடிக்கும்."

வந்தார்கள். வீட்டுக்கு ஒரு மூடி. ஒவ்வொருவராகக் குனிந்து, பின் சக்கரத்துச் சங்கிலியில் ஊற்றிவிட்டு, கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த அம்மா கடைசியாக வந்து இரண்டு மூடி ஊற்றினாள். "ஒண்ணு வெளிய கொட்டுனதுக்கு" என்றாள். சங்கிலி சொட்டச் சொட்ட மின்னியது. அது முடிவதற்குள் இஞ்சின் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிட்டது.

சிவப்புத் துண்டைச் செருகினேன். மாமா கிளப்பினார். விரலை அழுத்தி எடுத்தார். சத்தம் பொத்தென்று விழுந்தது. பழைய கரகரப்பு.

"இன்னா, சத்தம் கெட்டுப்போச்சே" என்றது ஒரு பையன் குரல்.

"கெட்டதுதான்டா வேணும்" என்றேன்.

துறை

மாமா வண்டியை நகர்த்தினார். நான் கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"உட்றா அத்த."

"ஓட்டுங்க மாமா. நான் பின்னால வர்றேன்."

நான் ஓடுகிற வேகத்தைத் தாண்டி அவர் போனால் கயிறு இழுபட்டு வண்டி நின்றுவிடும். அதனால் என் வேகத்துக்குத்தான் அவர் ஓட்ட வேண்டியிருந்தது. முன்னால் வண்டி, நடுவில் கயிறு, கடைசியில் நான். ஊர் முழுக்க எங்களுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தது. சிரிக்கட்டும். எனக்கு இஞ்சின் சத்தம் கேட்டால் போதும்.

மணல்மேட்டில் ஏறினோம். இறக்கத்தில் சேறு ஆரம்பித்தது. டயர்கள் சப்பென்று பதிந்து, சப்பென்று பிடுங்கிக்கொண்டு முன்னேறின. நான் முட்டி வரைக்கும் இறங்கி, செருப்பைத் தொலைத்து, கயிற்றைத் தொலைக்காமல் ஓடினேன். நடுவில் ஒரு இடத்தில் வண்டி முனகியது. மாமா விரலை அழுத்தினார். கரகரத்துக்கொண்டே ஏறியது. அந்தக் கரகரப்பு இருக்கிற வரைக்கும் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

துறையில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீரின்மேல் முதல் சிவப்பு விழுந்திருந்தது. கோதண்டம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. திரும்பவில்லை.

"ஏழுமலை" என்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சொன்ன மாதிரி எனக்கு இருந்தது.

மாமா தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. கைப்பிடியை ஊன்றி, ஒற்றைக்காலில் எழுந்து நின்று, சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்.

"கீறேன்."

கோதண்டம் திரும்பினார். மாமாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு, சேற்றில் பாதி ஆளாக, மூச்சு வாங்கிக்கொண்டு கயிறும் கையுமாக நிற்கிற என்னைப் பார்த்தார்.

"வண்டிதான் வந்துடுச்சே. இன்னும் எதுக்கு அந்தக் கயிறு?"

"அது வண்டிக்கு இல்லண்ணா" என்றார் மாமா. "அவனுக்கு."

துறையே சிரித்தது. கோதண்டமும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கயிற்றை விடவில்லை. திரும்பிப் போகிற வழி பாக்கி இருந்தது.